கடைசிக் கை இறங்கும் வரை

மேடையில் அமர்ந்திருக்கும் நம் பள்ளித் தாளாளர் திரு. மேத்யூ அவர்களே, நிர்வாகக் குழுப் பெரியோர்களே, கிளாடிஸ் டீச்சரின் கணவர் ஆஸ்டின் அண்ணன் அவர்களே, நொச்சிக்குப்பத்திலிருந்து காலை வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, மயிலாப்பூரிலிருந்தும் மந்தைவெளியிலிருந்தும் வந்திருக்கும் பெற்றோர்களே, எனக்கு எதிரே பாயில் உட்கார்ந்திருக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளே! எல்லோருக்கும் இந்த இசக்கியம்மாளின் வணக்கம்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் இந்தப் பள்ளியின் நான்காம் வகுப்பு ஆசிரியை. ஆகஸ்ட் மாதத்திலிருந்து மூன்றாம் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன். ஏன் சேர்த்துப் பார்க்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன். தி.நகரில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவள் நான். கல்லாப் பக்கத்திலேயே வளர்ந்ததால், எது சரக்கு, எது பசப்பு என்று காதில் விழுந்ததுமே தெரிந்துவிடும். மேடை ஏறும்போது ஒருவர் என்னிடம், "டீச்சர், இரங்கல் கூட்டம், பார்த்து நிதானமா பேசுங்க" என்றார். வீட்டிலேயே அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன், ஐயா. இப்போது என்னிடம் மிச்சம் இருப்பது கோபம் மட்டும்தான்.

என் பின்னால் கட்டியிருக்கும் பேனரைப் பாருங்கள்! 'கல்விச் சுடர் கிளாடிஸ் அம்மையார்' என்று தங்க எழுத்தில் அடித்திருக்கிறார்கள். யார் கொடுத்த பட்டம் இது? எப்போது கொடுத்தீர்கள்? போன வெள்ளிக்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாரே, அதற்குப் பிறகுதானே? அதற்கு முந்தின நாள் வரை இந்தப் பள்ளியில் அவருக்கு என்ன பெயர்? ஸ்டோர் ரூம் டீச்சர்! சீருடை மூட்டையும் பழைய பெஞ்சும் கிடக்கிற அந்த அறையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தீர்களே, அப்போது தெரியவில்லையா அவர் சுடர் என்று? இந்தப் பட்டத்தைக் கேட்டால் அவர் சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிளாடிஸ் டீச்சர் எப்படிப் பாடம் நடத்தினார் என்று இங்கே முன்னால் பேசிய ஒருவராவது சொன்னீர்களா? பொறுமை என்றீர்கள், தியாகம் என்றீர்கள், அன்பு என்றீர்கள். எந்த ஆசிரியர் செத்தாலும் சொல்கிற வார்த்தைகள்தானே இவை! நான் சொல்கிறேன், கேளுங்கள். எல்லா வகுப்பிலும் பதில் தெரிந்த பிள்ளை கை தூக்கும். "மிஸ், நானு மிஸ், நானு மிஸ்" என்று பெஞ்சு மேல் ஏறி நிற்கும். தெரியாத பிள்ளை முன்னால் இருப்பவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். கிளாடிஸ் டீச்சர் வகுப்பில் இது அப்படியே தலைகீழ். அங்கே தெரியாத பிள்ளைதான் கை தூக்க வேண்டும்! தெரிந்தவர்கள் கையை மேசை மேல் வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். யார் கை மேலே இருக்கிறதோ, அந்தப் பிள்ளை பக்கத்தில் போய் உட்கார்ந்து, தெரிந்த பிள்ளை சொல்லித்தர வேண்டும். புரிந்ததும் கை இறங்கும். கடைசிக் கை இறங்கும் வரை அடுத்த பாடம் கிடையாது. சிலபஸ் காத்திருக்கட்டும் என்பார். பக்கத்து வகுப்பில் இருந்து பார்த்தவள் நான், அது காத்திருந்தது.

இதோ, ஃபராஸ் உட்கார்ந்திருக்கிறான். வெட்கப்படாதேடா, நல்லதுதான் சொல்லப் போகிறேன். ஒன்றாம் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. இரண்டாம் வகுப்பிலும் அப்படியே. பேச்சு திக்கும், மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று பயம். இந்த வகுப்பில் முதல் வாரமே கை தூக்கினான், ஏனென்றால் கை தூக்குவதற்கு அங்கே பேச வேண்டியதில்லை! வகுத்தல் கணக்கு அவனுக்குப் புரிய நாளானது. புரிந்த பிறகு நடந்ததுதான் விசேஷம். தீபிகா கை தூக்கினாள். இவன் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். திக்கித் திக்கி, புளியங்கொட்டையைத் தரையில் பிரித்து வைத்து, முழுக் கணக்கையும் சொல்லித்தந்தான். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. நான் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் கிளாடிஸ் அக்கா என்னிடம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தீபிகாவின் அம்மா கன்னியம்மா அங்கே தூண் பக்கத்தில் நிற்கிறார். ஒரு நாள் மீன் விற்றுவிட்டுத் திரும்பும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர், உள்ளே வந்து என்ன கேட்டார் தெரியுமா? "இன்னா டீச்சர், எப்போ பாத்தாலும் எம்பொண்ணு கைய தூக்கிக்கினே கீதே! அதுதான் கிளாஸ்ல ஃபர்ஸ்ட்டா?" கிளாடிஸ் டீச்சர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "ஆமாம்மா, கேள்வி கேக்குறதுல உன் பொண்ணுதான் ஃபர்ஸ்ட்டு. விட்டுடாத, படிக்க வை" என்றார். அந்தப் பெண் இன்று தன் அம்மாவுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுகிறது.

சாதனை, சாதனை என்று நிர்வாகத்துக்கு ஒரே ஆசை. சரி, சாதனையையே பேசுவோம். போன வருடம் அடையாறில் பள்ளிகளுக்கிடையே வினாடி வினா நடந்தது. பெரிய பெரிய பள்ளிப் பிள்ளைகள் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நடத்தியவர் கேட்டார்: "கூடையில் இருக்கிற மாம்பழங்களை நாலு பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஒருவருக்கு எத்தனை?" மணி அடிக்கிறார்கள் பாருங்கள்! ஒருவன் மூன்று என்கிறான், ஒருத்தி ஐந்து என்கிறாள். அப்போது கிளாடிஸ் டீச்சர் வகுப்பில் இருந்த நம்ம அஸ்வின் மணியை விட்டுவிட்டுக் கையைத் தூக்கினான். "சார், எனக்குத் தெரியல. கூடையில எத்தினி பழம்னே நீங்க சொல்லலியே!" அவர் தாளைப் பார்த்தார். ஒரு வரியை விட்டுவிட்டு வாசித்திருக்கிறார்! அரங்கமே கை தட்டியது. கோப்பை நமக்கு வந்தது. அந்தக் கோப்பை தாளாளர் அறையில் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிறது. வாசலில் வைத்த பேனரில் தாளாளர் படம் இருந்தது, அஸ்வின் படம் இருந்தது. எனக்குத் தெரியவில்லை என்று தைரியமாகச் சொல்லக் கற்றுக்கொடுத்தவரின் படம் எங்கே? செத்த பிறகு மாலை போடுவதற்காகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தீர்களா?

இப்போது ஆகஸ்ட் மாதத்துக்கு வருகிறேன். பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு நம் வழக்கம் தெரியாது. மூன்றாம் வகுப்புக்குள் நுழைந்தார், கூடவே தாளாளரும் நுழைந்தார். "எட்டேழு எவ்வளவு?" என்று அதிகாரி கேட்டார். ஒரு கையும் எழவில்லை! ஏன் எழும்? எல்லோருக்கும்தான் தெரியுமே! "நம்ம மாநிலத் தலைநகரம் எது?" என்றார். அப்போதும் கை எழவில்லை. கையை மேசை மேல் ஒழுங்காக வைத்துக்கொண்டு, பெருமையாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் பிள்ளைகள். பிறகு பாடத்தில் இல்லாத ஏதோ ஒன்றைக் கேட்டார். ஃபராஸ் கை தூக்கினான். அதிகாரி முகம் மலர்ந்துவிட்டது. "வெரி குட், சொல்லுப்பா!" என்றார். பிள்ளை எழுந்து நின்று, "தெ... தெரியாது சார்" என்றான்.

சிரிக்கிறீர்கள். சிரிப்பு வரும்தான். அன்று அதிகாரியும் சிரித்தார். கிளாடிஸ் டீச்சர் பதறிப்போய், "சார், எங்க கிளாஸ்ல தெரியாதவங்கதான் கை தூக்குவாங்க. யாரையாவது பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேளுங்க சார், ப்ளீஸ்" என்றார். சாக்குச் சொல்கிறார் என்று அவர் நினைத்துவிட்டார். கடிகாரத்தைப் பார்த்தார், அடுத்த வகுப்புக்குக் கிளம்பிவிட்டார். அப்போது தாளாளர் அவர்கள் அங்கேதானே நின்றுகொண்டிருந்தீர்கள்? இந்த வழக்கம் உங்களுக்குத் தெரியாதா? நன்கொடை தருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, "பாருங்க, எங்க ஸ்கூல்ல மட்டும்தான் இப்படி" என்று எத்தனை முறை நீங்களே காட்டியிருக்கிறீர்கள்! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, "அவங்க சொல்றது உண்மைதான் சார்" என்று உங்கள் வாயிலிருந்து வந்திருக்கக் கூடாதா? சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். கற்றல் நிலை மிக மோசம் என்று அறிக்கை வந்தது. மறுநாளே வகுப்பு அவர் கையைவிட்டுப் போனது.

அப்போதே உங்கள் அறைக்கு வந்து கத்தினேன். "பிரச்சினை பெரிசாகும், விடுங்க" என்றீர்கள். யாருக்குப் பெரிசாகும்? அந்த ஸ்டோர் ரூமில் அவர் என்ன செய்தார் என்று ஆஸ்டின் அண்ணன் என்னிடம் சொன்னார். "இன்னைக்கு இன்னா வேலைன்னு கேப்பேம்மா. சட்டை பிரிச்சு குடுத்தேன், பசங்க வளந்துட்டாங்க, போன வருஷ சைஸு ஒருத்தனுக்கும் பத்தலன்னு சொல்லும். அதோட சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கும்." இடைவேளையில் பிள்ளைகள் அந்த அறை ஜன்னலுக்கு வெளியே கை தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். கம்பி வழியாகவே சொல்லிக்கொடுத்தார். பிறகு அதையும் நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். நான் டாக்டர் இல்லை. ஆனாலும் அந்த மனசு எங்கே உடைந்தது என்று எனக்குத் தெரியும்.

ஒரு சீட்டு வந்திருக்கிறது. 'நேரமாகிறது, சுருக்கமாக முடிக்கவும்.' நன்றி. முக்கியமான விஷயத்துக்கே இப்போதுதான் வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருகிற திங்கட்கிழமை மூன்றாம் வகுப்புக்கு ஒரு தேர்வு வைக்கப் போகிறார்களாம். நன்றாக எழுதும் பிள்ளைகள் எல்லாம் ஒரு பிரிவு. அவர்களுக்குப் பாடம் காட்டும் பெரிய திரை வைத்த புது அறை, மின்விசிறி, புது பெஞ்சு. எழுத முடியாத பிள்ளைகள் எல்லாம் இன்னொரு பிரிவு. அவர்களுக்குப் பின்பக்கத்து அறை. போகட்டும், எத்தனையோ பள்ளியில் செய்கிறார்கள். ஆனால் அந்தப் புது அறைக்கு என்ன பெயர் வைக்கப் போகிறார்கள் தெரியுமா? கிளாடிஸ் நினைவு வகுப்பறை! என்ன நெஞ்சழுத்தம் ஐயா உங்களுக்கு! தெரியாத பிள்ளை ஒன்றுகூட நுழைய முடியாத அறைக்கு அவர் பெயரா? அவர் உயிரோடு இருந்து, கை தூக்கிய பிள்ளைகளோடு அந்த வாசலில் நின்றால், அவரையே உள்ளே விடமாட்டீர்களே!

நேற்று கன்னியம்மா என் வீட்டுக்கே வந்துவிட்டார். வந்ததும் அழுகை. "எம்பொண்ணு ரெண்டு நாளா கையே தூக்க மாட்டேங்குது டீச்சர். ஏன்டின்னு கேட்டா, கை தூக்குனா அந்தாண்ட ரூமுக்கு அனுப்பிடுவாங்கன்னு சொல்லுது. எல்லாம் தெரிஞ்ச மாதிரியே உக்காந்துகினு கீது." கேட்டீர்களா? தேர்வு இன்னும் நடக்கவில்லை, அறிவிப்புக்கே இந்தக் கதி! என் கண்ணாலும் பார்த்தேன். இந்த வாரம் மூன்றாம் வகுப்பில் பாடம் நடத்திவிட்டு, "புரியாதவங்க கை தூக்குங்க" என்றேன். ஒரு பிள்ளைகூட அசையவில்லை. எல்லாக் கையும் மேசை மேல். பொய் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். எட்டு வயசுப் பிள்ளைகளுக்கு, தெரியாததை மறைத்தால்தான் பிழைக்கலாம் என்று நாம் சொல்லிக்கொடுத்துவிட்டோம். இதுதான் நீங்கள் அவருக்குக் கட்டுகிற நினைவுச் சின்னமா?

பெற்றோர்களே! இரங்கல் கூட்டத்தில், அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுப்பது வழக்கம். நானும் எடுக்கிறேன். ஆனால் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய் டீ குடிக்க மாட்டேன். அந்தத் தேர்வுத்தாளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டியவள் நான்தான். கொடுக்க மாட்டேன். மெமோ கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஸ்டோர் ரூம் காலியாகத்தானே இருக்கிறது, என்னைப் போடுங்கள். அதுவரை இந்தப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே அறையில் உட்காருவார்கள். கிளாடிஸ் டீச்சர் நடத்தியது போலத்தான் பாடம் நடக்கும். ஏய் தீபிகா, ஃபராஸ், கேட்டுக்கொள்ளுங்கள்! உங்களில் யாரையும் யாரும் எந்த அறைக்கும் அனுப்ப முடியாது. நான் இருக்கிறேன்.

அடுத்ததாக மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறது. தாளாளர் அவர்களே, அது கொஞ்சம் இருக்கட்டும். கிளாடிஸ் அக்காவுக்காகப் பேசாமல் நிற்பது உங்களுக்குக் கஷ்டமே இல்லை. ஆகஸ்ட் மாதத்திலேயே அப்படித்தான் நின்றீர்கள். திங்கட்கிழமை தேர்வு உண்டா, இல்லையா? பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர்களைப் பார்த்துச் சொல்லுங்கள். இந்தாருங்கள் மைக்.