வெள்ளி இருந்த இடம்

மாலையில், மேற்கே கடல் தெரியும் அலுவலக மொட்டைமாடியில் நின்று தேநீர் குடிப்பது என் பழக்கம். அன்றும் அப்படித்தான் நின்றிருந்தேன், ஐயா.

வானத்தில் இனம் தெரியாத வெளிச்சத்தைக் கண்டதாக யார் சொன்னாலும், விசாரித்து அது இன்னதென்று சொல்வது எங்கள் பிரிவின் வேலை. பறக்கும் தட்டு என்று அலறியடித்துக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் அது வெள்ளி கிரகமாக இருக்கும். இப்படி வெள்ளியைத் தேடி மீட்புப் படகுகள் பலமுறை வீணாக அலைந்த பிறகு ஒரு நடைமுறை வந்தது. கடல்மேல் வெளிச்சம் என்று தகவல் வந்தால் முதலில் எங்களைக் கேட்பார்கள். நாங்கள் வெள்ளி என்றால் படகு கிளம்பாது.

என் தங்கை வீட்டுக்காரர் படகு எஞ்சின் மெக்கானிக். நல்ல மனிதர்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். நாலு பேர் கூடினால் என்னை வைத்துத்தான் சிரிப்பு.

"மச்சானுக்கு என்ன வேலை தெரியுமா? வானத்தப் பாத்துக் கொட்டாவி விடணும். அதுக்குச் சம்பளம் வேற."

அன்று மதியச் சாப்பாட்டிலும் சொன்னார். என் மகளும் சேர்ந்து சிரித்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தங்கை மட்டும் சிரிக்கவில்லை, அவள் எப்போதுமே சிரித்ததில்லை. சாப்பிட்டுவிட்டு, பழுதுபார்த்த எஞ்சினை ஓட்டிப் பார்க்கிறேன் என்று மாப்பிள்ளை தனியாகக் கடலுக்குப் போனார்.

இருட்டத் தொடங்கியபோது தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, கடல் மேல செவப்பா ஏதோ ஏறி மெல்ல இறங்குது. இவரு இன்னும் வரல."

"வெள்ளிம்மா அது. அடிவானத்துல செவப்பாத்தான் தெரியும். மேகம் நகந்தா இறங்குற மாதிரி இருக்கும்."

"நெஜமாவா?"

"என் வேலையே அதுதானே."

"நீ சொன்னா சரிதாண்ணா," என்று வைத்துவிட்டாள்.

சற்று நேரத்தில் மீட்பு நிலையத்திலிருந்து கேட்டார்கள். படகு தயாராக நிற்கிறதாம். வெள்ளி என்றேன். மறுபேச்சு இல்லை. என் வார்த்தைக்கு அங்கே அவ்வளவு மதிப்பு.

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆபத்தென்றால் படகிலிருந்து சுடும் சிவப்பு வாணம் அது. தங்கை பயப்படுகிறாளே என்று அந்த வாணப் பெட்டியை மாப்பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தவனே நான்தான். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்று ஏறி அணைந்தது, பிறகு இன்னொன்று. கடைசி வாணத்துக்கு முன் வெகுநேரம் காத்திருந்தார். யாராவது பார்த்திருப்பார்கள் என்று நம்பியிருப்பார். தேநீர் ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு இறங்கினேன்.

உடல் கரை ஒதுங்கியது. கவிழ்ந்த படகுக்குள் காலி வாணக் குழல்கள் சிக்கியிருந்தன. அவற்றைப் பார்த்ததிலிருந்து தங்கை என்னோடு பேசுவதில்லை.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த நேரத்தில் வெள்ளி மேற்கே அங்கேதான் இருந்தது. விவரம் தெரிந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.