பெட்டியோட வந்து பெட்டியோட போறவன்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு ஒலிப்பதிவுக் கடைக்காரர் இருந்தாராம். கடையில் கம்ப்யூட்டர் ஒன்று, ஸ்பீக்கர் இரண்டு. வாய் மட்டும் நாலு ஸ்பீக்கருக்குச் சமம். பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பன்னிரண்டு பாடங்களை வாசித்துக் கொடுத்திருந்த டீச்சர், இரைச்சல் நீக்கிச் சுத்தம் செய்த பதிவை வாங்கிப் போக வந்திருந்தார். விடிந்தால் பரீட்சை. இன்று சாயங்காலம் கேட்டால்தான் பிள்ளைகள் பரீட்சை எழுத முடியும்.

"...பென்டிரைவ்ல சாஃப்ட்வேர வச்சுக்கிட்டு ஊரச் சுத்தறவன நம்பலாமா, நீங்களே சொல்லுங்க. உக்காருங்க டீச்சர். ஃபேன் போடமாட்டேன். உங்க பதிவுல ஃபேன் சத்தத்த எடுத்து எடுத்து, ஃபேனப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது. என் மச்சினனத்தான் சொல்றேன். எதிர் மாடியில ரூம் போட்டு இதே வேலைதான் பாக்கறான். 'போர்ட்டபிள் அத்தான், இன்ஸ்டாலே வேணாம், சொருகினா வேலை, உருவினா கெளம்பலாம்'ங்கறான். இதெல்லாம் ஒரு பொழப்பா? இன்ஸ்டால் பண்றதுன்னா வீடு கட்டிக் குடிபோற மாதிரி. எல்லாத்துக்கும் ஒரு எடம் இருக்கும். போர்ட்டபிள்னா லாட்ஜ்ல தங்கறவன். பெட்டியோட வருவான், பெட்டியோட போவான், துண்டு காயப்போட ஒரு ஆணி அடிக்கமாட்டான்."

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"தெரியுது, நாலாச்சு. என்னோடது இன்ஸ்டால் பண்ணது. ஒம்போது வருஷமா கல்லு மாதிரி நிக்குது. போன வாரம் மட்டும் தொறக்கமாட்டேன்னுச்சு. வீடுன்னா மராமத்து இருக்காதா? சரின்னு அவசரத்துக்கு அவன் பென்டிரைவ வாங்கிச் சொருகினேன். அவன்கிட்டப் போய்க் கைநீட்டறது எனக்கு எப்படி இருந்திருக்கும், பாத்துக்குங்க. நாலு நாள்... பன்னெண்டு பாடமும் முடிச்சேன். உங்க இருமல் போச்சு, ஏழாம் பாடத்துல கொரச்ச நாயும் போச்சு. நல்லாத்தான் வேலை செய்யுது, அத அவன்கிட்டச் சொல்லிடாதீங்க.

திருப்பிக் குடுக்கணுமில்ல? நம்ம கை பட்ட தடம் அவன் சாமான்ல எதுக்குன்னு காலையில பென்டிரைவ மொத்தமா அழிச்சுத் துடைச்சு அனுப்பினேன். சாஃப்ட்வேரோட சேத்து. மொகம் எப்படிப் போகும்னு பாக்கலாம்னுதான்...

எங்கயா? சேவ் பண்ணதா? அது காட்டின எடத்துல சேவ் பண்ணேன். தன் பெட்டிக்குள்ளயே, அந்தப் பென்டிரைவ்லயே வச்சுக்கும்னு எனக்கு யாரு சொன்னா? இன்ஸ்டால் பண்ணதா இருந்தா நம்ம கம்ப்யூட்டர்லதான வச்சிருக்கும்... சரி, சொன்னான். குடுக்கும்போதே சொன்னான். 'எல்லாம் இதுக்குள்ளதான் போகும் அத்தான், வேற எடத்துக்கு மாத்திக்கோங்க'ன்னான். அவன் பேச்ச நான் காதுல வாங்கறதில்ல."

டீச்சர் கையை நீட்டினார்.

"உங்க மெமரி கார்டா? இந்தாங்க, நீங்க வாசிச்சது அப்படியே இருக்கு. நான் அதுல கை வைக்கல. வர்ற வாரத்துக்குள்ள நான்... எங்க பாக்கறீங்க? எதிர் மாடியையா? அவன்கிட்ட ஏது சாஃப்ட்வேர், நான்தான் துடைச்சிட்டேனே. சாவிக்கொத்துல இன்னொண்ணு தொங்கவிட்டிருப்பான், கேடி. நாலு நாள் வேலைய ரெண்டு மணி நேரத்துல முடிக்கறேம்பான், நம்பாதீங்க..."

வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.

"டீச்சர், ஏழாம் பாடத்துல நாய் இருக்குன்னு சொல்லிடுங்க. மூணு தடவ கொரைக்கும். மூணாவது உங்க பேச்சு மேலயே விழும், பாத்து வெட்டச் சொல்லுங்க..."

டீச்சர் தெருவைத் தாண்டி, எதிர் மாடிப்படியில் ஏறிப் போய்விட்டார்.