இருபத்தேழாம் வட்டம்

அன்றைக்கு விசாரணைக்காக எங்கள் மையத்துக்கு வந்தபோது நீங்கள் தேநீர்கூடக் குடிக்கவில்லை. அந்த வெயிலில் கிள்ளான் ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்திருந்தீர்கள். நடந்ததை எழுதிக் கொடுங்கள், போதும் என்றீர்கள். எழுதுவது எனக்குச் சுலபம். பேசும்போதுதான் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் பெயர் சுகுமாறன். இரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் தகவல் அதிகாரி. சிறுநீரகம் செயலிழந்த நாற்பது பேர் வாரத்துக்கு மூன்று முறை இங்கே வருகிறார்கள். குடிக்கிற தண்ணீர் அவர்களுக்கு வெளியேறாது. உடம்பிலேயே தங்கி எடையாகக் காட்டும். வந்ததும் எடைக் கருவியில் ஏறி நிற்பார்கள். எத்தனை கிலோ கூடியிருக்கிறதோ அத்தனை லிட்டரை இயந்திரம் நான்கு மணி நேரத்தில் இறக்க வேண்டும்.

முன்பு தாதியர் இதையெல்லாம் தாளில் எழுதி வைப்பார்கள். அதை டேஷ்போர்டு ஆக்கியவன் நான். வரவேற்பறையில் பெரிய திரை. ஆளுக்கொரு வட்டம், வட்டத்துக்குள் அவருடைய நோயாளி எண். தொட்டால் மூன்று மாத எடையும் இரத்த அழுத்தமும் கோடுகளாக விரியும். மூன்று கிலோவுக்குள் ஏறியிருந்தால் வட்டம் பச்சை, தாண்டினால் சிவப்பு. ஒரு நிமிடம் சிவப்பாகவே நின்றால் எதிர் வரிசைக் கிளினிக்கில் இருக்கும் டாக்டரின் கைப்பேசிக்குத் தானாக அழைப்பு போகும். சிகிச்சையின் நடுவே இரத்த அழுத்தம் விழுந்தாலும் அப்படித்தான். நல்ல ஏற்பாடு. அதன் மேல் என்னைவிட அக்கறை உள்ளவர் அங்கே யாருமில்லை.

தீபாவளி வந்தது. முறுக்கு, ஆட்டிறைச்சி, பிறகு தாகம். மறுநாள் திரை மிளகாய் காயப்போட்டது போல இருந்தது. ஒரே காலையில் டாக்டருக்கு இருபத்திரண்டு அழைப்பு. நிர்வாகி கமலநாதன் என் அறைக்கு வந்தார்.

"சுகு, டாக்டர் கத்துறாருலா. லிமிட்ட கொஞ்சம் ஏத்தி வை. ஒரு வாரத்துக்கு மட்டும்."

மூன்றை அழித்து ஐந்து என்று போட்டேன். திரை பச்சையானது.

ஒரு வாரம் கழித்து இறக்கத்தான் இருந்தேன். ஆனால் நம் மலேசியாவில் தீபாவளி ஒரு வாரத்தில் முடிகிறதா என்ன? சனி, ஞாயிறு வந்தால் யார் வீட்டிலாவது திறந்த இல்ல உபசரிப்பு, வருகிறவர்களுக்கெல்லாம் விருந்து. அது ஓய்வதற்குள் கிறிஸ்துமஸ். அப்புறம் பொங்கல், சீனப் பெருநாள், தைப்பூசம். எந்தத் திங்கட்கிழமை இறக்கினாலும், நேற்றுவரை பச்சையாக இருந்தவர்களுக்கு இன்று என்ன ஆனது என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அதற்குள் ஆறு பேர் இறந்தார்கள். இந்த நோயில் அது சகஜம். இறந்தவரைத் திரையிலிருந்து எடுத்துவிடுவது வழக்கம். அவருக்கு இனி எடை பார்க்கப் போவதில்லை. ஆறு பேருமே மிகுந்த எடையோடு வந்துகொண்டிருந்தவர்கள். ஆகவே அவர்கள் போகப் போகத் திரை இன்னும் சீராயிற்று. அதை நான் கவனித்தேன். கவனிப்பதுதானே என் வேலை.

இருபத்தேழு என்பது வேலாயுதம் அண்ணன். காப்பார் ஊர்க்காரர், லோரி ஓட்டியவர், ஐம்பத்தெட்டு வயது. மனைவி இராஜம்மா பழைய காரில் அழைத்து வருவார். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் அண்ணனுக்கு அனுமதி. இராஜம்மா அக்கா முன்பெல்லாம் குளிர்பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகி வைத்திருந்தவர். பச்சையைப் பார்த்துப் பார்த்து அவரும் விட்டுவிட்டார்.

"என் வட்டம் பச்சைதானே தம்பி? அப்ப போற வழியில ஒரு தே ஐஸ் குடிக்கலாம்லா," என்பார் அண்ணன். நானும் சிரிப்பேன். எனக்கு அவரைப் பிடிக்கும்.

பிப்ரவரியில் ஒரு நாள் தாதி அமுதவள்ளி என்னிடம் வந்தார்.

"அண்ணே, இருபத்தேழுக்குக் கால அழுத்தினா குழி விழுது. படுக்க முடியல, உட்கார்ந்தே தூங்குறாராம். ஸ்கிரீன் பச்சை காட்டுது. டாக்டர கூப்பிடவா?"

"பச்சைன்னா கூப்பிட வேணாம் மிஸ்ஸி. ரூல் அதுதானே."

இருபது வருட அனுபவம் உள்ளவர் தன் விரலை விட்டு என் திரையை நம்பினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை பத்து மணிக்கு விருதுக்குழு வருவதாக இருந்தது. டேஷ்போர்டுக்கு விருது. காலை ஏழரைக்கு அண்ணன் எடைக் கருவியில் ஏறினார். ஐந்து புள்ளி நான்கு. வட்டம் சிவந்தது.

"தம்பி, செவப்பா இருக்கே?"

அழைப்பு போக ஒரு நிமிடம் இருந்தது. எனக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. எல்லையை ஐந்தரை ஆக்கினேன்.

"சிஸ்டம் ஸ்லோ அண்ணே. இப்பப் பாருங்க."

பார்த்தார், தலையாட்டினார், போய் நாற்காலியில் சாய்ந்தார். அவ்வளவு தண்ணீரை அவ்வளவு வேகமாக இறக்கினால் இதயம் தாங்காது. எனக்கு அது தெரியாது என்று கமலநாதன் உங்களிடம் சொல்லியிருக்கிறார்; நல்ல மனிதர். தெரியும். அந்த ஆறு பேரில் நான்கு பேருக்கு மூன்றாவது மணி நேரத்தில்தான் இரத்த அழுத்தக் கோடு விழுந்தது. அந்தக் கோடுகளை வரைந்தவன் நான்.

பத்து இருபதுக்கு விருதுக்குழுவினர் திரை முன்னால் நின்றார்கள். லோகேஸ்வரி என்ற அம்மையார் ஒரு வட்டத்தைத் தொட்டுப் பார்த்து, ரொம்ப அழகு என்றார். அப்போது இருபத்தேழு மறுபடி சிவந்தது. இம்முறை இரத்த அழுத்தம். கையிலிருந்த டேப்லெட்டில் அண்ணன் பெயரைத் தேடி, நடப்பு நோயாளிகள் பட்டியலிலிருந்து எடுத்தேன். வட்டம் மறைந்தது. டாக்டருக்கு அழைப்பு போகவில்லை.

உள்ளே அமுதவள்ளி நாற்காலியைப் படுக்கையாக்கி, உப்பு நீரை ஏற்றிக்கொண்டு டாக்டருக்காகக் காத்திருந்தார். சிவந்தால் அழைப்பு தானாகப் போகும் என்று அவருக்குக் கற்றுக் கொடுத்தவனும் நான்தான். பதினொரு நிமிடம் காத்திருந்துவிட்டு, சாலையைக் கடந்து அவரே ஓடினார். டாக்டர் வந்தும் பயனில்லை. பத்து நாற்பத்தெட்டு என்று எழுதினார்.

அந்தப் பதினொரு நிமிடத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த இராஜம்மா அக்கா எழுந்து என்னிடம் வந்தார்.

"தம்பி, அவரு வட்டத்தக் காணமே. ஏதும் ஆயிருச்சா?"

"எங்கயாச்சும் செவப்பு இருக்கான்னு நீங்களே பாருங்கக்கா."

திரையை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். எங்கும் சிவப்பு இல்லை. போய் உட்கார்ந்து, பையிலிருந்து அண்ணனுடைய சட்டையை எடுத்து மடித்து வைத்துக்கொண்டார்.

அவரிடம் நான் பொய் சொல்லவில்லை. அதையும் வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.