ஒன்றுமே நடக்காத கதை

விளக்கை இன்னும் கொஞ்சம் இறக்கு, பெர்னி. ஓடையில் வெள்ளம் வடிகிற வரைக்கும் இந்த மண்டபத்தை விட்டு யாரும் போகப்போவதில்லை... கிட்டே வந்து உட்காருங்கள். இது நம் நோர்மாவின் அண்ணன் லயனலுக்கு நடந்தது.

இரவு ஒன்பதேகால். வில்கா சாலை. இரண்டு பக்கமும் அறுத்து முடித்த கோதுமை வயல். ஈ காக்கை கிடையாது. லயனல் ட்ரஸ்காட் காரை விரட்டிக்கொண்டு போகிறார். ஒரு முன்விளக்குதான் எரிகிறது. இடது பக்கத்து விளக்கு போய் ரொம்ப நாளாகிறது, மாற்றச் சோம்பல். அந்த விளக்கை மறந்துவிடாதீர்கள்... முதலில் காட்டிய பொருள் பின்னால் வேலை செய்தே ஆக வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கதைப் பாடம் நடத்துகிறவரே அவர்தான்.

மனதில் ஒரே எண்ணம். ஹேஸல். அவருடைய ஒரே மகள். நெட்பால் பயிற்சி முடிந்து அப்பா வருவார் என்று காத்திருக்க வேண்டியவள். இவரோ பள்ளியிலேயே உட்கார்ந்து, பிள்ளைகள் எழுதிய கதைகளைச் சிவப்பு மையால் குத்திக் கிழித்துக்கொண்டிருந்தார். அதில் அவருக்கு அப்படி ஒரு ருசி. வந்து பார்த்தால் மைதானம் இருட்டிக் கிடக்கிறது. பெண் நடந்தே கிளம்பிவிட்டாள். வீட்டுக்கு இந்த ஒரே சாலைதான்.

இதே சாலையில்தான் போன வருஷம் கோரல் மெக்கின்னன் செத்தாள். அவருடைய மாணவி.

கோரல் ஒரு கதை எழுதினாள். ஒரு பெண் பள்ளிப் பேருந்தை விட்டு இறங்கி வில்கா சாலையில் நடக்கிறாள். நாய் எதிரே ஓடி வருகிறது. வீட்டில் அம்மா டீ போட்டு வைத்திருக்கிறாள். அவ்வளவுதான் கதை. லயனல் வழக்கமாகக் கரும்பலகையில் ஒரு மலை வரைவார். ஏற்றம், உச்சி, இறக்கம். அன்றைக்கு வேண்டுமென்றே ஒரு நேர்க்கோட்டை இழுத்தார்.

"பாருங்க, இதுதான் கோரலோட கதை. செத்த பாம்பு மாதிரி படுத்துக் கெடக்கு. எந்திரிம்மா. இதுல மோதல் எங்க? யாரு யாரைத் தடுக்குறா?"

"யாரும் தடுக்கல சார். அவ வீட்டுக்குப் போயிடுறா."

"ஒண்ணுமே நடக்கலையே! அந்த ரோட்டுல எதையாவது நடக்க வை. அப்புறமா வந்து என் வகுப்புல உக்காரு."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அன்று சாயங்காலம் கோரல் பேருந்தை விட்டு இறங்கினாள். நாய் எதிரே ஓடி வந்தது. பின்னாலேயே கோதுமை லாரி... நாயையும் விட்டுவைக்கவில்லை.

இந்த ஆள் என்ன செய்தார் தெரியுமா? அடுத்த வாரமே அதை வகுப்பில் சொன்னார். எதிர்பாராத முடிவுக்கு உதாரணமாம்! மலை உச்சியில் ஒரு லாரியை வேறு வரைந்து காட்டினார். பாவி மனுஷன்.

சரி... ஒன்பதேகால். முதலில் நாற்றம்தான் வந்தது. நனைந்த நாயின் நாற்றம். அன்றைக்கு ஒரு பொட்டு மழை இல்லை. பின்சீட்டில் தப்... தப்... என்று வால் அடிக்கிற சத்தம். அப்புறம் குரல்.

"சார்... கதையைத் திருத்திட்டேன்."

லயனலுக்கு யார் குரல் என்று தெரியாதா என்ன? கண்ணாடியில் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஹேஸலிடம் போய்ச் சேர்ந்தால் போதும் என்று இன்னும் வேகமாக விட்டார்.

"ஒருத்தர் கார்ல போறார் சார். அவரோட பொண்ணு ரோட்டோரமா நடந்து போறா. அவர் பாத்துடுறார். வண்டியை நிறுத்திக் கதவைத் திறக்குறார். ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய் டீ குடிக்கிறாங்க... அவ்ளோதான் சார்."

கேட்டீர்களா? அந்தக் குழந்தை அவருக்கு மகளையே கொடுத்தாள். 'நல்லாயிருக்கும்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் எத்தனை வருஷப் பழக்கம்! பயத்தில் உலர்ந்து கிடந்த நாக்கு... தானாகப் புரண்டது.

"இதுல... என்ன இருக்கு? ஒண்ணுமே நடக்கலையே."

வால் அடிப்பது நின்றது.

"சரி சார். மாத்திடுறேன்."

இடது பக்கம்... விளக்கில்லாத பக்கம்... இரண்டு வெள்ளைக் காலுறைகள் திரும்பின. கார் வந்துவிட்ட சந்தோஷத்தில் ஒரு கை உயர்ந்தது.

தட்.

கார் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய் நின்றது. பூச்சிச் சத்தம்கூட இல்லை. பின்சீட்டிலிருந்து, வகுப்பில் எழுந்து நின்று கேட்கிற அதே பணிவான குரல்...

"இப்ப சரியா இருக்கா, சார்?"

லயனல் இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வெளியே விட மாட்டார்கள். நோர்மா ஞாயிறுதோறும் போய்ப் பார்க்கிறாள். போன வாரமும் அவர் வழக்கம்போல, "வழியில என்ன நடந்துச்சு?" என்று கேட்டிருக்கிறார்.

"ஒண்ணும் நடக்கலண்ணே. கிளம்புனேன், வந்துட்டேன்."

"நல்ல கதை... ரொம்ப நல்ல கதை... மாத்தாதே, மாத்தாதே" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம்.

அப்போது கட்டிலுக்கு அடியில்... தப்... தப்...

நோர்மா குனிந்து பார்க்கவில்லை.