ஓசிப் படம்

நீலவ்வா: மவுஸ்லேர்ந்து கையை எடுங்க.

சங்கண்ணா: உஷ்... போன் ஸ்பீக்கர்ல ஆபீசர் இருக்காரு.

நீலவ்வா: எந்த ஆபீசர்? கம்ப்யூட்டர் ஏன் ஆம்புலன்ஸ் மாதிரி அலறுது? தெருமுனை வரைக்கும் கேக்குது!

சங்கண்ணா: வைரஸ் புகுந்துடுச்சாம். பாரேன், ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பு. அதுலயே உதவிக்குன்னு ஒரு நம்பர் போட்டிருந்தது, கூப்பிட்டேன்.

போன் குரல்: அப்பாஜி, லைன்ல இருக்கீங்களா? நான் சொன்ன சாஃப்ட்வேர் எவ்வளவு டவுன்லோட் ஆயிருக்கு?

சங்கண்ணா: பாதிக்கு மேல ஆயிடுச்சு சார்.

நீலவ்வா: அது எதுக்காம்?

சங்கண்ணா: அது இறங்கிட்டா, அவரு அங்க உக்காந்துக்கிட்டே நம்ம கம்ப்யூட்டருக்குள்ள வந்து சரி பண்ணிடுவாராம்.

நீலவ்வா: உள்ள வந்து... பக்கத்து டேப்ல பேங்க் கணக்கைத் திறந்து வெச்சிருக்கீங்களே, அதையும் சரி பண்ணிடுவாரா?

சங்கண்ணா: கரண்ட் பில் கட்டலாம்னு...

போன் குரல்: அப்பாஜி, பக்கத்துல யாரு?

சங்கண்ணா: வீட்டம்மா, சார்.

போன் குரல்: நமஸ்காரம் அம்மா. பயப்படாதீங்க. கம்ப்யூட்டரை மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்க. பண்ணா உள்ள இருக்கற போட்டோ எல்லாம் அழிஞ்சிடும்.

சங்கண்ணா: நீலவ்வா, நம்ம பொண்ணு பாக்யாவோட கல்யாண போட்டோ எல்லாம் அதுலதான்...

நீலவ்வா: இருங்க. தம்பி, எங்க கம்ப்யூட்டர்ல வைரஸ்னு உனக்கு எப்படித் தெரியும்?

போன் குரல்: எங்க சர்வர்ல காட்டுதும்மா.

நீலவ்வா: அப்படியா? நாங்க எந்த ஊருன்னு காட்டுதா?

சங்கண்ணா: தார்வாட்ல...

நீலவ்வா: நீங்க சொல்லாதீங்க! அவரு சொல்லட்டும்.

போன் குரல்: அம்மா, நேரம் போயிட்டிருக்கு. நீங்க அப்பாஜி கிட்ட குடுங்க. பொம்பளைங்களுக்கு இதெல்லாம் புரியாது.

சங்கண்ணா: ஐயோ, அதைச் சொல்லியிருக்கக் கூடாது சார்...

நீலவ்வா: நகருங்க.

சங்கண்ணா: மேஜைக்கு அடியில எங்க போற? ஏய்... வயரைப் பிடுங்கிட்ட!

நீலவ்வா: இன்டர்நெட் வயர்தான். இப்ப எப்படி உள்ள வர்றான்னு பாக்கறேன். போனை வைங்க.

சங்கண்ணா: ஒரு வார்த்தை சொல்லிட்டு... சார், நாங்க...

நீலவ்வா: வைங்கன்னா!

சங்கண்ணா: வெச்சுட்டேன், வெச்சுட்டேன்.

நீலவ்வா: அந்த பவர் பட்டனை அழுத்திப் பிடிங்க. அணையற வரைக்கும் விடாதீங்க.

சங்கண்ணா: போட்டோ போயிடுச்சுன்னா?

நீலவ்வா: போகாது. பேங்க்ல கூட்டம் போட்டு இதைத்தானே சொன்னாங்க. நீங்க அங்க குடுத்த பேடாவுலயே கண்ணா இருந்தீங்க.

சங்கண்ணா: நல்ல பேடா... அணைஞ்சுடுச்சு. அப்பாடா, சத்தம் நின்னதே போதும்.

நீலவ்வா: திரும்பப் போடுங்க. இன்டர்நெட் வயர் இப்ப வேணாம்.

சங்கண்ணா: வருது... வருது... அட, சிவப்பைக் காணோமே!

நீலவ்வா: போட்டோ?

சங்கண்ணா: இருக்கு! பாக்யா இருக்கா. மாப்பிள்ளை கண்ணை மூடிட்டுத் தாலி கட்டறாரே, அதுகூட இருக்கு.

நீலவ்வா: அந்தச் சிவப்பு வெறும் வெப் பக்கம்ங்க. நம்மள பயமுறுத்திப் போன் பண்ண வைக்கறதுக்குன்னே போட்டது. அந்தப் பாதி இறங்கினதை முதல்ல அழிங்க. வைரஸ் ஸ்கேனை ஓட விடுங்க. நான் என் போன்ல பேங்க் பாஸ்வேர்டை மாத்தறேன். பழசு என்ன?

சங்கண்ணா: உன் பேருதான்.

நீலவ்வா: நல்ல ரகசியம்! காய்கறிக்காரிகூடத் தெருவுல நின்னு கூப்பிடற பேரு.

சங்கண்ணா: புதுசு என்ன?

நீலவ்வா: சொல்ல மாட்டேன். எழுதி ஸ்கிரீன்லயே ஒட்டி வைப்பீங்க... ம், ஆச்சு. பேங்குக்கும் போன் போட்டுக் கேக்கறேன், கொஞ்சம் பேசாம இருங்க.

சங்கண்ணா: என்ன சொன்னாங்க?

நீலவ்வா: ஒண்ணும் போகலையாம். ஸ்கேன்ல என்ன?

சங்கண்ணா: ஒண்ணும் இல்லன்னு பச்சையாக் காட்டுது. சரி, நான் போய் மிர்ச்சி பஜ்ஜி வாங்கிட்டு வரட்டுமா?

நீலவ்வா: உக்காருங்க. எந்தப் பக்கத்தைத் திறந்தப்ப இது வந்தது?

சங்கண்ணா: எதையும் திறக்கல, அது பாட்டுக்கு...

நீலவ்வா: சும்மா இருக்கற கம்ப்யூட்டர் அலறாது. இந்த வயசுல பாக்கக் கூடாததை ஏதாவது...

சங்கண்ணா: சிவ சிவா! ஓசியில படம் குடுக்கற பக்கம். ஒரே ஒரு படம் எடுக்கலாம்னு போனேன். ஏகப்பட்ட பட்டன், எல்லாத்துலயும் 'டவுன்லோட்'. இருக்கறதுலயே பெருசை அமுக்கினேன்.

நீலவ்வா: இனிமே அந்தப் பக்கம் போனீங்கன்னா கையை உடைப்பேன். என்ன படம்?

சங்கண்ணா: பாதாமி ஏரிப் படிக்கட்டுல பாட்டு எடுத்தாங்களே, உங்க ஊர்ப் பொண்ணுங்க எல்லாம் குடத்தோட... அது. நாளைக்கு உன் பொறந்த நாளுக்குப் போட்டுக் காட்டலாம்னு. காசு குடுத்துப் பாக்கற இடத்துல எல்லாம் தேடிட்டேன், இல்ல.

நீலவ்வா: அந்தப் படமா?

சங்கண்ணா: என்ன, கோவமா?

நீலவ்வா: அந்தப் படம் வேணாம்ங்க.

சங்கண்ணா: ஏன்?

நீலவ்வா: வர்றவங்க போறவங்க கிட்ட எல்லாம் சொல்லுவீங்களே, 'படத்துல பாத்துத்தான் இவளைப் பொண்ணு கேட்டுப் போனேன்'னு... நீங்க பூரிச்சுப் போய்ச் சொல்றப்ப எனக்கு வாயைத் திறக்கவே மனசு வந்ததில்ல.

சங்கண்ணா: எதுக்கு வாயைத் திறக்கணும்?

நீலவ்வா: குடம் வெச்சு ஆடினது நானில்ல. எங்க அக்கா. ரெண்டு பேருக்கும் ஒரே சாயல், நீங்க ஏமாந்துட்டீங்க. அப்பா என்னைத் தியேட்டருக்குக்கூட விடல, அந்தப் படத்தை நான் பாத்ததே இல்ல. ஷூட்டிங் அன்னைக்கு ஓரமா அக்கா செருப்பைப் பிடிச்சிட்டு நின்னேன். அவ்வளவுதான்.

சங்கண்ணா: குடம் தூக்கினவங்களை யாரு பாத்தா? சொன்னா நீ கோவிச்சுக்குவேன்னுதான் இத்தனை வருஷம் சொல்லல... பாட்டு முடியறப்ப ஓரத்துல ஒரு பொண்ணு, கையில செருப்போட, கேமராவைப் பாத்து வாயைப் பொளந்துட்டு நிப்பா. அவளைப் பாக்கத்தான் திரும்பத் திரும்ப டிக்கெட் எடுத்தேன்.