ஆயிரத்து முப்பது கிலோமீட்டர்

கதிர்காமநாதன்: …"இந்த எலக்ட்ரிக் சைக்கிளை என்னைத் தவிர வேறொருவரும் ஓட்டியதில்லை." இதுக்குக் கீழ நீங்கள் ஒரு கையெழுத்து, என்ர மனிசி ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.

காந்திமதி: சத்தம் கேட்டு வேலியைத் தாண்டி எட்டிப் பார்த்தது என் தப்பு அண்ணே. டீ கொடுப்பீங்கன்னு வந்தா பேனா கொடுக்கிறீங்க.

கதிர்காமநாதன்: பக்கத்து வீடு நீங்கள் சாட்சி சொல்லாமல் வேற ஆர் சொல்லுறது? இந்தத் தெருவில எது நடந்தாலும் முதல் தெரியிற ஆள் நீங்கள்.

காந்திமதி: இது பாராட்டா, ஏச்சா?

கதிர்காமநாதன்: விளையாடாதேங்கோ தங்கச்சி. திங்கக்கிழமை ஒன்பதரைக்கு ட்ரிபியூனலில வழக்கு. சைக்கிள் வித்த கடைக்காரன் எனக்கு முன்னால இருப்பான். நான் சத்தியம் பண்ணிச் சொல்லவேணும். புதுசு எண்டு சொல்லி, ஆயிரம் கிலோமீட்டர் ஓடித் தேஞ்ச சாமானை என்ர தலையில கட்டியிருக்கிறான்.

காந்திமதி: அது தேஞ்சா என்ன, தேயாட்டி என்ன. மோட்டார் வெச்சுப் போறதுக்குப் பேரு சைக்கிளா? எனக்கு சும்மா கொடுத்தாலும் அந்தச் சோம்பேறி வண்டியில உக்கார மாட்டேன்.

கதிர்காமநாதன்: மிதிச்சாத்தான் மோட்டரே உதவும். எத்தினை தரம் சொல்லுறது? வேலையிலயும் இதே நக்கல். றோட்டில போனா கார்க்காரன் ஹோர்ன் அடிக்கிறான். சைக்கிள் பாதையில போனா, தோலோட ஒட்டின களிசான் போட்ட ஒருத்தன் நான் முந்தினதுக்கு "சீட்டர்" எண்டு கத்துறான். நான் இவங்களுக்கு என்ன செய்தனான்?

காந்திமதி: முந்தும்போது மணி அடிச்சு, திரும்பிப் பார்த்துச் சிரிச்சீங்களாமே. சுகந்தி சொன்னா.

கதிர்காமநாதன்: சுகந்தினி… அதையும் சொல்லியாச்சோ?

சுகந்தினி: தேத்தண்ணி கொண்டு வாறன், பொறுங்கோ.

கதிர்காமநாதன்: தேத்தண்ணியோட பேனையும் கொண்டு வாரும். இந்தப் பேனை எழுதுதில்லை.

காந்திமதி: சரி, ஆயிரம் கிலோமீட்டர்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

கதிர்காமநாதன்: கேளுங்கோ. இஞ்ச ஒனிஹங்காவில இருந்து மவுண்ட் வெலிங்டனுக்கு, வேலைக்குப் போகவர பதினாலு கிலோமீட்டர். கிழமைக்கு ஐஞ்சு நாள். மார்ச் மாசம் வாங்கினது, டொராண்டோ கலியாணத்துக்குப் போன ஐஞ்சு கிழமையைக் கழிச்சா இருவது கிழமை. ஆயிரத்து நானூறு. மீற்றர் என்ன காட்டுது தெரியுமோ? இரண்டாயிரத்து நானூற்று முப்பது.

காந்திமதி: …அவ்வளவா காட்டுது?

கதிர்காமநாதன்: ஏன் முழுசுறீங்கள்?

காந்திமதி: இல்ல, சும்மா. இவ்வளவு நாள் அதைப் பார்க்கலியா நீங்க?

கதிர்காமநாதன்: அந்தப் பட்டனை மூண்டு தரம் அமத்தினாத்தான் அது வரும். போன கிழமை பற்றரிக்காகச் சண்டை பிடிக்கப் போகேக்கதான் கடைக்காரனே அமத்திக் காட்டினவன். "நல்லா ஓடியிருக்கிறீங்கள், சேர்" எண்டு ஒரு சிரிப்பு வேற.

காந்திமதி: பேட்டரிக்கு என்ன?

கதிர்காமநாதன்: என்னவோ? ரெண்டு மணிக்கு வேலையால வந்த உடன பிளக்கில போடுறன். சாப்பிட்டிட்டு நித்திரை. ஆறு மணிக்கு எழும்பிக் கழட்டுறன். இரவில விட்டா வீடு பத்தி எரியும், அதால ஆறு மணிக்கு மேல விடுறதில்லை. நாலு மணித்தியாலம் போதும் எண்டு புத்தகத்தில கிடக்கு. ஆனா விடிய எழும்பிப் பாத்தா ஐஞ்சு கோட்டில மூண்டு கோடுதான். திரும்பி வாறபோது ஏத்தத்தில செத்துப்போகுது. இருவத்தைஞ்சு கிலோ தங்கச்சி. மழையில அதைத் தள்ளிப் பாருங்கோ ஒரு நாளைக்கு.

காந்திமதி: கோவப்படாதீங்க. பிரஷர் ஏறும்.

கதிர்காமநாதன்: பிரஷருக்குத்தானே நீங்கள் சொன்ன வெந்தயத் தண்ணியை ரெண்டு மாசமாக் குடிக்கிறன். நாங்கள் டொராண்டோவால வரேக்க அரைவாசியா இளைச்சு நிண்டீங்கள். என்ன செய்தனீங்கள் எண்டு கேட்டா, வெந்தயத் தண்ணி. எனக்கு வயித்தைக் கலக்கினதுதான் மிச்சம்.

காந்திமதி: எல்லார் உடம்பும் ஒண்ணா அண்ணே…

சுகந்தினி: இந்தாங்கோ அக்கா, தேத்தண்ணி. சீனி குறைச்சுத்தான் போட்டனான்.

கதிர்காமநாதன்: பேனை எங்க?

சுகந்தினி: காணேல்லை. இஞ்சருங்கோ… இந்த வழக்கு தேவையோ? அந்த மனிசன் உங்களுக்கு ரெண்டு தரம் காசு வாங்காமல் ட்யூப் மாத்தித் தந்தவர்.

கதிர்காமநாதன்: ஏன் தந்தவன்? குற்ற உணர்ச்சி. அவன் என்னட்ட என்ன கேட்டவன் தெரியுமோ? "வீட்டில வேற ஆரும் ஓடுறவையோ?" எண்டு. என்ர வீட்டில ஆர் ஓடுறது? நான் சிரிச்சுப்போட்டு வந்து, இவன் கள்ளன் எண்டு இன்டர்நெற்றில எழுதிப்போட்டன். பதினேழு பேர் லைக் போட்டிருக்கினம்.

காந்திமதி: பதினெட்டுன்னு நினைக்கிறேன். நானும் போட்டேன்… அப்போ முழுசாப் படிக்கல.

சுகந்தினி: அக்கா, நீங்களுமோ?

கதிர்காமநாதன்: சரி, பேனை என்ர பொக்கற்றில இன்னொண்டு இருக்கு. போடுங்கோ தங்கச்சி.

காந்திமதி: கையெல்லாம் ஈரம். சுகந்தி முதல்ல போடட்டும்.

சுகந்தினி: நான் பிறகு போடுறன்.

கதிர்காமநாதன்: என்ன பிறகு? ஒரு கையெழுத்துக்கு ரெண்டு பேரும் இப்பிடி நெளியிறீங்கள். சரி, அதை விடுங்கோ. படம் இருக்கு. சைக்கிள் எடுத்த அண்டைக்குக் கோயில் வாசலில தேசிக்காய் வைச்சு ஏத்தினனாங்கள் எல்லோ? நீங்கள்தானே படம் எடுத்தனீங்கள். அதில மீற்றர் தெரியும். ஐயர் அந்தப் பட்டனை அமத்தி அமத்திப் பாத்தவர், ஏதோ நம்பரெல்லாம் வந்தது.

காந்திமதி: அது பழைய போன் அண்ணே.

கதிர்காமநாதன்: இந்த போன்தான். இந்தச் சிவப்பு உறைதான். தாங்கோ.

காந்திமதி: இழுக்காதீங்க, டீ கொட்டுது… எலுமிச்சம்பழத்தைத்தான் எடுத்தேன், மீட்டரை எடுக்கல.

கதிர்காமநாதன்: இந்தா, வந்திட்டுது. பெருப்பிச்சாத் தெரியும். இஞ்ச பாருங்கோ, ஆயிரம்… இல்லை… சுகந்தினி, என்ர கண்ணாடியைத் தாரும்.

சுகந்தினி: கண்ணாடி தேவையில்லை.

கதிர்காமநாதன்: நாலு.

காந்திமதி: நாலாயிரமா?

கதிர்காமநாதன்: நாலு. வெறும் நாலு கிலோமீட்டர். அப்ப… புதுசாத்தான் தந்திருக்கிறான்.

சுகந்தினி: ஓம்.

கதிர்காமநாதன்: அப்ப மிச்சம்? நான் நித்திரை கொள்ளுற நேரத்தில எவனோ கராஜுக்கை பூந்து எடுத்துக்கொண்டு ஓடுறான். அதுதான் பற்றரி ஏறுறதில்லை. பட்டப்பகலில, என்ர வீட்டுக்கை… இப்பவே போய் ஒரு கமரா வாங்கிப் பூட்டுறன். பொலிசுக்கும் போன் அடிக்கிறன்.

சுகந்தினி: பொலிசும் வேண்டாம், கமராவும் வேண்டாம்.

கதிர்காமநாதன்: கள்ளனைப் பிடிக்க வேண்டாமோ?

சுகந்தினி: நான்தான் எடுத்தனான்.

கதிர்காமநாதன்: எதை?

சுகந்தினி: சைக்கிளை. நீங்கள் குறட்டை விடத் தொடங்கின உடன பிளக்கைக் கழட்டுவன். ஐஞ்சு மணிக்கு முன்னம் வந்து திரும்பக் கொழுவுவன். அதுதான் மூண்டு கோடு.

கதிர்காமநாதன்: நீரோ? உமக்கு எங்க இது…

சுகந்தினி: சொல்லுங்கோ. வாங்கின அண்டைக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்கோ. அந்தக் கடைக்காரர் என்னைத்தான் முதல் கேட்டவர், நீங்களும் ஒருக்கா ஓடிப் பாக்கிறீங்களோ எண்டு. நான் வாய் திறக்க முதல் நீங்கள் சிரிச்சீங்கள். "இவவோ? இவ காரால லெட்டர்பொக்ஸை இடிச்ச ஆள்" எண்டு சொல்லி அந்த மனிசனையும் சிரிக்க வைச்சீங்கள். ஒன்பது வருசத்துக்கு முந்தி ஒரு லெட்டர்பொக்ஸ். அண்டையில இருந்து கார்த் திறப்பு உங்கட பொக்கற்றில. பஸ்ஸுக்கு நிக்கிறன், இல்லாட்டி நீங்கள் எழும்பும் வரைக்கும் இருக்கிறன்.

கதிர்காமநாதன்: அது உம்மட பாதுகாப்புக்கு…

சுகந்தினி: என்ர பாதுகாப்பைப் பற்றி நான் ஒருத்தரிட்டயும் முறையிடேல்லை.

கதிர்காமநாதன்: விழுந்திருந்தா?

சுகந்தினி: விழுந்தனான். ரெண்டு தரம். முழங்கால் உரஞ்சினதுக்குக் குளிக்கிற இடத்தில வழுக்கினது எண்டன். நீங்கள் றப்பர் விரிப்பு வாங்கிப் போட்டீங்கள்.

கதிர்காமநாதன்: அந்த விரிப்பு… கடவுளே. எங்க போறனீர்?

சுகந்தினி: மாங்கேரே பாலத்துக்கு. மீன் பிடிக்கிற சனத்தைக் கடந்து அந்தப் பக்கம் போய், ஆடு மேயிற புல்வெளி மட்டும்.

கதிர்காமநாதன்: அங்க என்ன செய்யிறனீர்?

சுகந்தினி: ஒண்டும் செய்யிறதில்லை. போறன், காத்துப் படுது, வாறன். அதுக்கும் உங்களிட்டக் காரணம் சொல்லவேணுமோ?

கதிர்காமநாதன்: தங்கச்சி, ஏன் அங்கால பாக்கிறீங்கள்? உங்களுக்கும் இது தெரியுமோ?

காந்திமதி: தெருவுல எது நடந்தாலும் முதல்ல எனக்குத்தான் தெரியும்னு நீங்கதான அண்ணே சொன்னீங்க.

கதிர்காமநாதன்: தெரிஞ்சுகொண்டு என்னை ட்ரிபியூனல் மட்டும் போக விட்டீங்கள். திங்கக்கிழமை நான் அங்க நிண்டு பொய்ச் சத்தியம் பண்ணியிருப்பன். என்னை என்ன விசரன் எண்டு நினைச்சீங்களோ ரெண்டு பேரும்?

சுகந்தினி: அதுக்குத்தான் கையெழுத்துப் போடேல்லை. பொய்ச் சத்தியம் உங்களுக்கு ஒரு நாள் வெக்கம். அந்த மனிசனுக்கு அது பிழைப்பு. வழக்கை வாபஸ் வாங்குங்கோ. இன்டர்நெற்றில எழுதினதை இப்ப, என்ர கண்ணுக்கு முன்னால அழியுங்கோ.

கதிர்காமநாதன்: அழிக்கிறன், அழிக்கிறன். ஆனா ஆயிரத்து முப்பது கிலோமீட்டர் சுகந்தினி. என்னை நித்திரையாக்கிப்போட்டு ஆயிரத்து முப்பது…

சுகந்தினி: ஆயிரமில்லை. போகவர எட்டு கிலோமீட்டர். கிழமையில மூண்டு நாள். மழை நாளைக் கழிச்சுப் பாத்தா நானூறு வரும். அதுக்கு மேல ஒரு அடியும் நான் ஓடேல்லை.

கதிர்காமநாதன்: இனியும் ஒளிக்காதேயும்.

சுகந்தினி: இவ்வளவையும் சொன்ன நான் அதை ஏன் ஒளிக்கிறன்? நானூறுதான்.

கதிர்காமநாதன்: அப்ப மிச்சம் அறுநூற்று முப்பதும் ஆர் ஓடினது, காத்தோ?

சுகந்தினி: எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது… அக்கா, ஏன் எழும்பிறீங்கள்? தேத்தண்ணி அப்பிடியே கிடக்கு.

காந்திமதி: அடுப்புல பருப்பு வெச்சிருக்கேன் மா.

கதிர்காமநாதன்: இருங்கோ தங்கச்சி. நாங்கள் டொராண்டோவில நிண்ட ஐஞ்சு கிழமையும் கராஜ் பூட்டித்தானே கிடந்தது. திறப்பு ஒண்டு என்னட்ட. மற்றது… கராஜுக்கை நிக்கிற கறிவேப்பிலைக்குத் தண்ணி விடச்சொல்லி…

சுகந்தினி: அக்கா?

காந்திமதி: கறிவேப்பிலைக்குத் தண்ணி ஊத்த ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு சுகந்தி, பாக்கி நேரமெல்லாம் அந்தச் சோம்பேறி வண்டியிலதான் இருந்தேன்… அண்ணே, வெந்தயத் தண்ணிய நாளையிலிருந்து நிறுத்திடுங்க, நான் இளைச்சது அதனால இல்ல.