மீசைக்காரர்களை வழியனுப்புவோம்

அவையை அமைதியாகவும் மின்தூக்கியை அவ்வப்போதும் இயங்க வைக்கும் சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் மூட்டுவலியோடும் முகமலர்ச்சியோடும் வீற்றிருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடே அமர்ந்திருக்கும் அன்னையரே! தூணுக்குப் பின்னால் கைப்பேசியில் தொலைந்துபோன தம்பிமார்களே! இரண்டாம் மாடித் தையல்காரியின் இனிய வணக்கம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை கரப்பான்பூச்சிக்கு மருந்தடிக்கும் ஆளை அழைப்பதா, வேண்டாமா? இதுதான் இன்றைய கேள்வி. வேண்டாம் என்று சொல்லவே வந்திருக்கிறேன்.

மூன்றாம் மாடி ஆசிரியை அக்கா வேப்பெண்ணெயைத் தண்ணீரில் கலந்து மூலைமுடுக்கெல்லாம் தெளித்தார். மீசைக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். எங்கே போனார்கள்? என் வீட்டுக்கு! நான் விடுவேனா? அலமாரியெங்கும் பிரிஞ்சி இலையும் கிராம்பும் பரப்பினேன். மறுநாள் எதிர்வீட்டு வங்கிக்கார அண்ணன் வாசலில் நின்றார். "உங்க வீட்டு விருந்தாளிங்க எங்க வீட்ல தங்கியிருக்காங்க" என்றார். அவர் எலுமிச்சைச் சாற்றைக் கையிலெடுத்தார். கூட்டம் தலைவர் வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. சிரிக்காதீர்கள் தலைவரே, நீங்கள் நாற்காலி மேல் ஏறி நின்ற செய்தி மொட்டைமாடி வரை வந்துவிட்டது!

அதன் பிறகுதான் தலைவர் மருந்துக்காரரை அழைக்கச் சொன்னார். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் தோற்றது வேம்பா? தோற்றது கிராம்பா? தோற்றது நாம்! ஆளுக்கொரு நாள் விரட்டினோம், அடுத்த வீட்டுக்கு அனுப்பினோம். ஒரே நாளில் ஒன்றாகச் செய்தோமா?

தரைத்தளத்தில் ஒரு தாய் இருக்கிறார். அவருடைய சின்ன மகளுக்கு இழுப்பு. போன முறை மருந்தடித்தபோது அந்தக் குழந்தை மூச்சுக்குத் தவித்ததை நீங்களும் பார்த்தீர்கள். இன்று மாலை அவர் வீட்டில் துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டேன்.

"எங்களால உங்களுக்கெல்லாம் எதுக்குக்கா தொந்தரவு? நாங்க வேற வீடு பாத்துக்கறோம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

பெரியோர்களே! ஒரு பூச்சியை வெளியே அனுப்பத் தெரியாத நாம், ஒரு குழந்தையை வெளியே அனுப்புவதா? இதற்கா இத்தனை படித்தோம்? இதற்கா இத்தனை பேர் ஒரே கூரையின் கீழ் கூடி வாழ்கிறோம்?

ஞாயிறு காலை எல்லா வீட்டாரும் ஒரே நேரத்தில் வேலையில் இறங்குவோம். ஒழுகும் குழாயை அடைப்போம். சர்க்கரையும் சமையல் சோடாவும் சரிபாதி கலந்து, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடுக்குகளில் வைப்போம். எச்சில் பாத்திரம் இரவில் தொட்டியில் உறங்க வேண்டாம். என்ன அண்ணே, ஒரே நாளில் போய்விடுமா என்கிறீர்களா? போகாது. வாராவாரம் செய்வோம். அதற்கும் உங்கள் வீட்டில் அண்ணிதான் செய்ய வேண்டும் என்றால், எழுந்து நின்று சொல்லுங்கள், அண்ணி பார்க்கட்டும்!

மருந்துக்காரர் வேண்டாம் என்பவர்கள் கையை உயர்த்துங்கள். ஆகா! தலைவரே, உங்கள் கையா முதலில்? நீங்கள் நீடூழி வாழ்க!

நேரே தரைத்தளத்துக்குத்தான் போகிறேன். உங்கள் எல்லோர் சார்பிலும் கதவைத் தட்டி, "எங்கயும் போகாதம்மா, இங்கயே இரு" என்று சொல்லப்போகிறேன். கூட வர விரும்புபவர்கள் வாருங்கள். கேட்ட செவிகளுக்கும் உயர்ந்த கைகளுக்கும் நன்றி, வணக்கம்.